ஒரு சாண் பின்னால்

மீரா உசேன் என்ன வேலை செய்தார் என்பது அவருடைய சொந்த ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அய்யம்பேட்டையை ஒட்டிய சக்கராப்பள்ளியில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். கடை, கட்டட வேலை, டிரைவர் என்றால் எல்லாருக்கும் புரியும். "ஏர்போர்ட்டுல லோடு கன்ட்ரோல்" என்று இவர் சொன்னால், "சாமான் ஏத்துறதா?" என்பார்கள். முதல் ஆறு வருஷம் அவர் செய்தது அதுதான். அதனால் ஆமாம் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வார்.

தஞ்சாவூரில் இயற்பியல் படித்துவிட்டு, இரண்டாயிரத்து நாலில் மூட்டை தூக்கும் ஆளாகத்தான் விமானம் ஏறினார். ஐம்பது டிகிரி வெயிலில் விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டபடி பெட்டிகளை அடுக்கினார். பிறகு பரீட்சை எழுதி, குளிர்சாதன அறைக்குள் ஒரு மேசைக்கு வந்தார். அது சிறிய சரக்கு விமானக் கம்பெனி. நான்கே பழைய விமானங்கள். ஒவ்வொன்றும் கிளம்புவதற்கு முன்னால், எந்த இடத்தில் எவ்வளவு எடை இருக்கிறது, எல்லா எடையும் சேர்ந்து விமானத்தின் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கணக்குப் போட்டு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். லோடு ஷீட் என்பார்கள். அந்தத் தாளை நம்பித்தான் விமானி விமானத்தைத் தரையிலிருந்து தூக்குவார்.

அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. மேலே போன விமானத்தைக் காற்று சும்மா விடாது. மூக்கைத் தூக்கும், இறக்கும். தூக்கிய மூக்கு, விமானி கை வைக்காமலே தானாகத் திரும்பி இறங்க வேண்டும். விமானத்தை அப்படித்தான் செய்கிறார்கள். எடை நிற்கும் புள்ளி முன்னால் இருந்து, வால் அதற்கு நன்றாகப் பின்னால் இருக்கும்வரை இந்தக் குணம் விமானத்தை விட்டுப் போகாது. எடை பின்னால் நகர நகர அந்தக் குணம் தேயும். ஒரு கோட்டைத் தாண்டினால், ஏறிய மூக்கு இறங்காமல் இன்னும் ஏறப் பார்க்கும். விமானி அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே மீரா உசேனின் வேலை. பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டார்.

சதீஷ் அந்தக் கம்பெனிக்கு வந்தது கடைசி மூன்று வருஷத்தில். முப்பத்தொரு வயது. விமானத்தோடு கூடவே பறந்து, சரக்கு ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்கிற வேலை. முதல் நாளே மீரா உசேனின் பேச்சைக் கேட்டுவிட்டு, "பாய், நீங்க தஞ்சாவூர் பக்கமா?" என்று கேட்டான். அவனுக்குத் திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அப்பா சிங்காரவேலு விவசாயம். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் ஒரு டப்பா அசோகா அல்வா வாங்கிவருவான். பாதியை மீரா உசேனின் மேசையில் வைத்துவிட்டுப் போவான்.

மூன்றாம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆப்பிரிக்காவுக்கு ஒரு விமானம் போக வேண்டியிருந்தது. சரக்கை அலுமினியத் தட்டுகளில் அடுக்கி, வலை போட்டு இறுக்கி, வரிசையாக உள்ளே தள்ளுவார்கள். அன்றைக்கு ஒன்பது தட்டு. முன்னால் இருந்த இரண்டில் டீசல் பம்பு இன்ஜின்கள், நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, அந்த இன்ஜின்களுக்கு சுங்கத்தில் காகிதம் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவற்றை இறக்கிவிட்டு, அதே இடத்தில் கொசுவலையும் தார்ப்பாயும் கட்டிய இரண்டு தட்டுகளை ஏற்றினார்கள். அவை ஒரு டன்கூட வராது.

மீரா உசேன் கணக்கை மறுபடி போட்டார். புள்ளி கோட்டுக்குப் பின்னால் போயிருந்தது. ஒரு சாண். முப்பது மீட்டர் நீளமுள்ள விமானத்தில் ஒரு சாண்.

பின்னால் இருக்கும் பாரத்தில் இரண்டு தட்டுகளை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும். அதற்கு எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம். ஷிப்ட் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிடும், விமானம் நாளைக்குத்தான் போகும் என்றார். பிறகு, மிகச் சாதாரணமாக, பழைய எடையையே எழுதச் சொன்னார்.

"சார், கோடு தாண்டுது."

"கோடு போட்டவன் அதுக்கு அப்புறமும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போட்டிருப்பான். போன வருஷமும் இப்படித்தானே அனுப்பினோம்? ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சுல்ல?"

அனுப்பியது உண்மைதான். அப்போது இரண்டு விரல் அளவுதான் தாண்டியிருந்தது. அன்றைக்கு மீரா உசேன் பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். விமானம் இறங்கிய செய்தி வந்ததும் பயந்ததையே மறந்துவிட்டார். இப்போதும் முதல் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய எடையைப் போட்டு இரண்டாவது தாளை எடுத்தார்.

சதீஷ் கையெழுத்துப் போட வந்தான். அவசரத்தில் இருந்தான். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"முன்னாடி தட்டு ரெண்டும் மாறிப்போச்சே பாய். ஷீட்டு சரியா இருக்கா?"

"சரிதான்."

"நீங்க சொன்னா சரி." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு போனான்.

பத்தே முக்கால் மணிக்கு விமானம் ஓடுபாதையில் ஓடியது. மீரா உசேன் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். வழக்கமாக எழும்பும் இடத்துக்கு வெகு முன்னாலேயே மூக்கு எழுந்தது. யாரும் தூக்காமலே அது எழுகிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. விமானம் தரையை விட்டது. மூக்கு நிற்கவில்லை. செங்குத்தாக ஏறுவதுபோல நிமிர்ந்து, ஒரு கணம் ஆகாயத்தில் அசையாமல் தொங்கியது. பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து, ஓடுபாதை முடியும் இடத்துக்கு அப்பால் மணலில் விழுந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. உள்ளே இருந்தவர்கள் நாலு பேர். இரண்டு விமானிகள், ஒரு இன்ஜினியர், சதீஷ். ஒருவரும் பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலமே மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். விமானத்துக்குள் தட்டுகளை மாற்றச் சொன்னது சதீஷ் என்றும், அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்காமலே ஏறிவிட்டான் என்றும் சொல்ல வேண்டும் என்றார். செத்தவனுக்கு இனிமேல் வேலை போகப் போவதில்லை, உயிரோடு இருப்பவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்றார். விசாரணை அதிகாரி முன்னால் மீரா உசேனும் அதையே சொன்னார். "அவர் மாற்றியது எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் அது அவர் போட்ட இரண்டாவது பொய்க் கையெழுத்து.

சதீஷின் உடல் சீல் வைத்த பெட்டியில் திருவையாறு வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம். பெட்டி வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பாரம் ஏற்றியவரின் கவனக்குறைவால் விமானம் விழுந்தது என்று யாரோ தமிழில் எழுதி, சதீஷின் போட்டோவையும் போட்டு, வாட்ஸ்அப்பில் ஊர் ஊராக அனுப்பிவிட்டிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களே ஓரமாக நின்று அதைப் படித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மீரா உசேனுக்குப் போன் வந்தது. சதீஷின் மனைவி கலைமகள். அவன் டைரியில் 'மீரா பாய், அய்யம்பேட்டை' என்று நம்பர் எழுதியிருந்ததாம்.

"பாய், அவரு யாருகிட்டயும் சொல்லாம தட்டை மாத்திட்டாருன்னு கம்பெனியில எழுதியிருக்காங்க. வீட்டுல கேஸ் சிலிண்டரை மூடிட்டோமான்னு மூணு தடவை பார்க்கிற மனுஷன் பாய் அவரு. நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்களாமே? அப்படியா நடந்துச்சு?"

"எனக்குச் சரியாத் தெரியலம்மா" என்றார்.

"சரி பாய், உடம்பைப் பார்த்துக்குங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசிச் சொல்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மேசையில் உட்கார்ந்தால் கூட்டல் தப்பாக வந்தது. ஒரே தாளை நாலு தடவை சரிபார்த்தார். எந்த விமானம் ஓடினாலும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆனி மாதம் ஒரு நாள், அந்த முதல் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குத் தானாகப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர்களே போலீஸைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மேனேஜர் அதற்கு முன்பே லீவில் அவருடைய நாட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வரவே இல்லை. வெளியே விட்ட பிறகும் இரண்டு மாதம் இழுத்தடித்து, இனி அந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு மீரா உசேனை ஊருக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், திருவையாறு போகப் போவதாக மனைவி ஜன்னத் பீவியிடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங்க? அதான் அங்க சொல்லிட்டீங்கள்ல?"

"அங்க சொன்னது அவங்களுக்கு எப்படித் தெரியும்? முடிவு வர ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். வேலை போச்சு, ஜெயில்ல இருந்தீங்க. இன்னும் என்ன பாக்கி? அங்க போய் நின்னா அடிப்பாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் ஷமீராவும் என்ன பண்ணுவோம்?"

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஷமீரா, அம்மாவையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவரிடம் அவள் பேசுவதை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது.

கணபதி அக்ரஹாரம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனார். ஐப்பசி மழை பெய்து ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. சதீஷ் வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது சிங்காரவேலு வயலில் உரம் தூவிவிட்டு வந்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். யார் என்று தெரிந்ததும், "மகன் அடிக்கடி சொல்லுவான், உள்ள வாங்க பாய்" என்று கூப்பிட்டார். அவர் மனைவி அமிர்தம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கலைமகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மீரா உசேன் உட்காரவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை. நின்றபடியே சொன்னார். தட்டை மாற்றியது சதீஷ் இல்லை. எடை கோடு தாண்டியது தனக்குத் தெரியும். பொய்யாக எழுதியது தான்தான். அவன் கேட்டபோது சரிதான் என்று சொன்னதும் தான். பிறகு பழியை அவன்மேல் போட்டதும் தான்.

சொம்பு கலைமகள் கையிலேயே இருந்தது. அமிர்தம் முதலில் புரியாமல் கணவரைப் பார்த்தாள். புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிங்காரவேலு அழாமல், சத்தம் போடாமல் கேட்டார்:

"அது ஏன் விழுந்துச்சு? எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. எட்டு மாசமா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"முன்னாடி பாரம் கொறஞ்சு, பின்னாடி பாரம் கூடிப்போச்சுங்க ஐயா."

"பின்பாரம்."

"ஆமாங்க."

"வண்டியில பின்பாரமா ஏத்துனா நுகத்தடி மேல தூக்கும். மாட்டுக் கழுத்தை இறுக்கும். எறங்கி ரெண்டு மூட்டையை முன்னாடி தள்ளிப் போட்டா தீர்ந்துச்சு."

"வண்டின்னா கீழ தரை இருக்குங்க ஐயா, நிறுத்தி எறங்கலாம். மேல போனது எதைப் பிடிச்சு நிக்கும்? காத்துல மூக்கு கொஞ்சம் தூக்குனா அது தானா எறங்கி வரணும். முன்னாடி பாரம் இருந்தா வரும். பின்பாரமாயிட்டா வராது, தூக்குனது தூக்குனபடி இன்னும் மேல போகும். ஒரு அளவுக்கு மேல தூக்கிட்டா ரெக்கை காத்தை விட்டுடும். அப்புறம் கல்லு மாதிரிதான்."

"ஓட்டுனவரு அழுத்திப் பிடிக்க முடியாதா?"

"பிடிச்சிருப்பாருங்க. முழுசா அழுத்திப் பிடிச்சிருக்காருன்னு கருவியில பதிவாயிருக்குன்னு விசாரணையில சொன்னாங்க. அது கேட்கல. பாரம் முன்னாடி இருக்குன்னு நான் கொடுத்த தாளை நம்பித்தான் அவரு வாலோட கோணத்தையெல்லாம் வச்சிருந்தாரு."

"எவ்வளவு பின்னாடி?"

மீரா உசேன் கையை விரித்துக் காட்டினார். சிங்காரவேலு அந்தக் கையையே பார்த்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் பார்த்தார்.

"இவ்வளவுக்கா?" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

அமிர்தம் தரையில் இருந்தபடியே சொன்னாள்: "எம்புள்ள உங்களைக் கேட்டிருக்கான். வாயைத் தொறந்து கேட்டிருக்கான். இல்லடான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீங்க?"

மீரா உசேன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. வந்தாலும் அதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. கிளம்பும்போது சிங்காரவேலு தெருமுனைவரை கூடவே வந்தார்.

"எங்ககிட்ட சொன்னது பத்தாது" என்றார். "மாசியில தலைத்திவசம். சொந்தக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. எம்மகன் மூணு பேரைக் கொன்னான்னு பேசுனவங்களும் வருவாங்க. நீ வந்து அவங்க முன்னாடி சொல்லணும்."

'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'நீ' என்றது மீரா உசேனுக்கு உறைத்தது. "வர்றேங்க ஐயா" என்றார்.

மாசியில் போனார். அந்த முறை ஜன்னத் பீவி தடுக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. திருவையாற்றுப் படித்துறையில் காவிரி வடிந்து, நடுவில் மட்டும் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் மந்திரம் சொல்லி, பிண்டத்தைக் கரைத்து முடியும்வரை மீரா உசேன் மேல்படியில் தனியாக நின்றார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சிங்காரவேலு ஈர வேட்டியோடு படியேறி வந்து, "இவரு ஒண்ணு சொல்லணுமாம், கேளுங்க" என்றார்.

சொன்னார். வீட்டில் சொன்னதைவிடக் குறைவாகவே சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை. பாதியிலேயே ஒரு அத்தை ஓவென்று அழத் தொடங்கினாள். சொல்லி முடித்ததும் கலைமகளின் அண்ணன் ராஜராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி படியில் விழுந்து உருண்டது. அவர் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடி வாயில் விழுந்து உதடு கிழிந்தது. மூன்றாவதாக ஓங்கியபோதுதான் சிங்காரவேலு, "போதும்டா" என்றார். அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். படியில் விழுந்துவிட்டேன் என்றார் மீரா உசேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதுவும் பொய் என்று உணர்ந்தார். "இல்லைங்க, ஒருத்தர் அடிச்சுட்டாரு. காரணம் இருக்கு" என்று திருத்தினார். அந்த ஆள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சதீஷின் ஊரில் பேச்சு மாறியதா என்றால், முழுதாக மாறவில்லை. சதீஷ்மேல் தப்பில்லை என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர், குடும்பம் அந்த பாயைப் பிடித்துச் சொல்லவைத்திருக்கும் என்றார்கள். சக்கராப்பள்ளியிலும் இரண்டு விதமாகப் பேசினார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் சம்பாதித்துக்கொண்டிருப்பாரே என்று அவர் காது படவே சொன்னவர்கள் உண்டு. அவர் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் எழுந்து வந்துவிடுவார். மைத்துனர் அன்சாரின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து குழாயும் ஆணியும் விற்றார். ஷமீரா கல்லூரி முடிக்கிற சமயத்தில் அவரிடம் மறுபடி பேசத் தொடங்கினாள். பரீட்சை, பஸ், சாப்பாடு என்று தேவையானதை மட்டும் பேசினாள்.

விபத்து நடந்து இரண்டரை வருஷம் கழித்து விசாரணை அறிக்கை வெளியானது. நூற்றுப்பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். கலைமகள் போன் செய்தாள். அவள் இப்போது திருவையாற்றில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள்.

"ஆங்கிலம் படிப்பேன் பாய். ஆனா இதுல பாதி விளங்கல. நீங்க வந்து தமிழ்ல சொல்ல முடியுமா? மாமாவும் அத்தையும் கேட்கணும்."

போனார். பிரிண்ட் எடுத்த தாள்கள் மேசைமேல் இருந்தன. சிங்காரவேலு மெலிந்து போயிருந்தார். அமிர்தம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மீரா உசேன் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். எடை மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. அதனால் விமானம் தன் நிலைத்தன்மையை இழந்தது. லோடு கன்ட்ரோலர் உண்மையான எடையை அறிந்தும் பொய்யான தாளைத் தயாரித்தார். மேலதிகாரி அதற்கு வற்புறுத்தினார். பெயர் போடாமல் பதவியைத்தான் எழுதியிருந்தார்கள். அந்த இடம் வந்தபோது, "லோடு கன்ட்ரோலர்னா நான்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"அவரைப் பத்தி எழுதியிருக்கிறதை மட்டும் திரும்பச் சொல்லுங்க" என்றாள் கலைமகள்.

எழுபத்து நாலாம் பக்கம். மூன்றே வரி. அவர் படித்தார்: "விமானத்தில் இருந்த சரக்குப் பொறுப்பாளர், தட்டுகள் மாறியதைக் கவனித்து அது குறித்துக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தவறான தகவல் தரப்பட்டது. தட்டுகளின் எடையை அவர் தாமாகச் சரிபார்க்க வழி இருக்கவில்லை."

"இன்னொரு தடவை" என்றார் சிங்காரவேலு.

மறுபடி படித்தார். அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படித்து முடித்ததும் கலைமகள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாள். வாசல்வரை அவளே வந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா இந்த மூணு வரி வந்திருக்காது. அது எனக்குத் தெரியும் பாய்" என்றாள். "ஆனா உங்களைப் பார்க்கிறப்பெல்லாம், அவரு உங்ககிட்ட கேட்டுட்டு நிக்கிறதுதான் எனக்குத் தெரியுது. இனிமே வராதீங்க. போனும் பண்ண வேண்டாம்."

"சரிம்மா" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நடவு நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் வர அரை மணி நேரம் ஆனது. நிழற்குடையில் இடம் இருந்தும் அவர் வெளியே வெயிலில் நின்றார்.